மைமூனுக்குப் போய்ச் சேராத சேதி

1

எங்கள் கொட்டகையில் மிஞ்சி நின்ற செவலைப் பசுவை ஜப்பான்காரர்கள் ஓட்டிக்கொண்டு போன வாரத்தில்தான் என் மகள் பாக்கியம் பிறந்தாள். இதைவிடச் சரியாக எனக்குச் சொல்லத் தெரியாது. சண்டை முடிந்து வெள்ளைக்காரன் திரும்பி வந்த பிறகு பிறப்புப் பத்திரம் எடுக்கப் போனேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த குமாஸ்தா, நாங்கள் கிராணி என்போம், யாழ்ப்பாணத்துக்காரர்.

"பிள்ளை பிறந்தது எண்டைக்கு?"

"மாட்ட ஓட்டிட்டுப் போன வாரம்ங்க."

"சரி, மாடு போனது எண்டைக்கு?"

"புள்ள பொறந்த வாரம்ங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். கடைசியில் அவரே ஒரு தேதியைப் போட்டு முத்திரை குத்திக் கொடுத்தார். நல்ல மனுஷர். அந்தத் தேதிக்குத்தான் இன்றைக்கும் எங்கள் வீட்டில் கேக் வெட்டுகிறார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமையும் வெட்டினார்கள். அன்றைக்கு நடந்த ஒரு சின்ன விஷயத்திலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவள் பாக்கியம். "நீங்க பேசுற மாதிரியே எழுதினா ஊர்ல சிரிப்பாங்கப்பா" என்று அவள் படித்த தமிழில் மாற்றிக்கொள்கிறாள். விஷயம் மாறாமல் இருந்தால் எனக்குச் சரிதான்.

ஆக, அந்தப் பிள்ளை பிழைத்துக்கொண்டது உங்களுக்கு இப்போதே தெரிந்துவிட்டது. தெரிந்திருக்க வேண்டிய ஒருத்திக்கு மட்டும் இன்னும் தெரியாது. அவள் பெயர் மைமூன்.

2

நாங்கள் இருப்பது சிங்கப்பூரில், தோ பாயோவில், அடுக்குமாடி வீட்டில். என் மனைவி சின்னப்பொண்ணு போய்ச் சேர்ந்து வெகு காலம் ஆகிறது. பாக்கியத்தின் மகள் சுமதிக்குக் கைப்பிள்ளை. இப்போதுதான் மறுபடி வேலைக்குப் போக ஆரம்பித்திருக்கிறாள். சாங்கி விமான நிலையத்தில் சரக்கு ஆபீஸ். மத்தியானம் அங்கேயே ஒரு ஸ்டோர் ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு மிஷினில் பால் எடுக்கிறாளாம். ஐஸ் வைத்த நீலப் பையில் போட்டு எம்.ஆர்.டி. ரயிலில் கொண்டு வருகிறாள். பார்க்கிறவன் மீன் வாங்கிக்கொண்டு போகிறாள் என்றுதான் நினைப்பான்.

கேக் வெட்டிய அன்றைக்கு அறையிலிருந்து அவள் பாட்டிலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள். முகமே சரியில்லை.

"பாருங்க தாத்தா, அர மணி நேரம் ஒக்காந்தேன். இவ்ளோதான். சப்ளை கொறஞ்சுபோச்சு."

"ஒர்ரி பண்ணாத லா. ஃபார்முலா குடுத்துடலாம்" என்றான் அவள் புருஷன், கேக் வாயோடு.

"நீ சும்மா இரு லா. நீயா ஒக்காந்து எடுக்கிற?"

அப்புறம் சுமதி ஒரு கதை சொன்னாள். ஆபீசில் அவளோடு வேலை பார்க்கும் மலாய்க்காரப் பெண்ணுக்கும் கைப்பிள்ளை. அவளுக்குப் பால் ஏராளம், ஐஸ் பெட்டி நிறைய வைத்திருக்கிறாள். வேண்டுமானால் எடுத்துக்கொள் என்று சொன்னவள், கூடவே சுமதியின் பிள்ளை பெயர், ஆணா பெண்ணா, அப்பா பெயர் எல்லாம் கேட்டாளாம். "அவ அம்மாகிட்டயும் சொல்லி வைக்கணும்னு சொல்றா தாத்தா. பால் குடுக்கறதுக்குப் பேரு எதுக்கு? எனக்கு ஒண்ணும் புரியல."

பாக்கியம் என்னைப் பார்த்தாள். நான் எழுந்துவிட்டேன். லிஃப்டில் கீழே இறங்கி பிளாக்கைச் சுற்றினேன். மேலே வந்தேன். மறுபடி இறங்கினேன். கீழே கல்மேசையில் சதுரங்கம் ஆடுகிற சீனக் கிழவர் என்னை நிமிர்ந்து பார்த்து, "சுடா மக்கான்?" என்றார். சாப்பிட்டாச்சு என்று தலையாட்டினேன். மூன்றாம் தடவை நான் அந்த வழியாகப் போனபோது அவர் கேட்கவில்லை, காய்களையும் நகர்த்தவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

3

இப்போது சிராங்கூன் ரோட்டில் நகைக்கடையும் சேலைக்கடையுமாக இருக்கிறதே, அதற்குப் பின்பக்கம் அப்போது மாட்டுக் கொட்டகைகள். நான் பால்காரன். மாட்டையே ஓட்டிக்கொண்டு போய் வீட்டு வாசலில் நிறுத்திக் கறந்து கொடுப்போம். தண்ணீர் கலக்கிறானா என்று வீட்டம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நிற்பாள். சில வீட்டில் செம்பைக் கவிழ்த்துக் காட்டச் சொல்வார்கள். ஒரு சீனத் தவுக்கே முதலாளி வீட்டில் மாட்டுக்குக்கூட வாழைப்பழம் கொடுப்பார்கள், எனக்குக் கொடுக்க மாட்டார்கள்.

"அப்பா, மாடு போதும். அம்மாகிட்ட வாங்க" என்கிறாள் பாக்கியம்.

வருகிறேன். கறக்கிறவனுக்குக் காதுதான் அளவு. காலிச் செம்பில் முதல் பீச்சு விழும்போது கணீரென்று இருக்கும். அடி மறைந்ததும் சத்தம் அமுங்கும். பாதிக்கு மேல் போனால் நுரைக்குள் விழுகிற சத்தம் மட்டும் கேட்கும். கொட்டகைக்கு வெளியே நின்றபடியே எந்த மாடு எவ்வளவு கறக்கிறது என்று சொல்லிவிடுவோம். இதை ஏன் சொல்கிறேன் என்றால், சாக்குப் படுதாவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து என் பெண்சாதியின் கிண்ணத்தை நான் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். கணீர். கொஞ்சம் கழித்து இன்னொரு கணீர். அமுங்கவே இல்லை.

பாக்கியம் மாதம் நிறையாமல் பிறந்தவள். என் உள்ளங்கையும் நாலு விரலும்தான் இருந்தாள். வாயில் வைத்தால் உறிஞ்சத் தெம்பில்லை. மருத்துவச்சி வந்து இலவம்பஞ்சில் சுற்றி சோப்புப் பெட்டியில் படுக்கவைத்து, தூக்கவே கூடாது, ஒடம்புச் சூடு போயிடும் என்று சொல்லிவிட்டுப் போனாள். பாலைக் கையால் பீச்சிக் கிண்ணத்தில் எடுத்து, மூக்கு வைத்த பாலாடையில் ஊற்றி, சொட்டுச் சொட்டாக விடவேண்டும். முதலில் நன்றாகத்தான் வந்தது. பத்துப் பதினைந்து நாளில் குறைய ஆரம்பித்தது.

ஊரில் பெற்றவளுக்குப் பூண்டும் பால்சுறாவும் கருவாட்டுக் குழம்பும் கொடுப்பார்கள். அப்போது சிங்கப்பூரில் பூண்டு பார்த்தவன் யார்? ரேஷன் அரிசியில் பாதி கல், பாதி சுண்ணாம்பு. மற்றபடி காலையும் மாலையும் மரவள்ளிக் கிழங்கு. எங்கள் சந்தில் இருந்த ஒரே முருங்கை மரத்தை ஜனங்கள் கிளையோடு உருவிவிட்டதால் அது கம்பம் மாதிரி நின்றது. டின் பால் கள்ளச் சந்தையில் இருந்ததாம், நான் பார்த்ததில்லை. மாட்டை ஓட்டிக்கொண்டு போனவர்கள் கறக்கிறவன் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஊருக்கெல்லாம் பால் ஊற்றியவன் வீட்டில் ஒரு கரண்டிப் பால் கிடையாது. பிறத்தியார் நிலத்தில் மரவள்ளிக்கு மண் அணைத்துக் கொடுத்துவிட்டு மத்தியானம் வீட்டுக்கு வருவேன். வந்ததும் முதல் வேலை, படுதாவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து காது கொடுப்பது.

பிள்ளை அழுகிறவரை பயம் இல்லை. ஒரு நாள் அழுகையை நிறுத்திவிட்டது.

4

பலகைச் சுவருக்கு அந்தப் பக்கத்து வீட்டில் மைமூன் இருந்தாள். நம் கடற்கரைப் பக்கத்துத் தமிழ் முஸ்லிம் குடும்பம். புருஷன் காதர், சிராங்கூன் ரோட்டில் சாம்பிராணி, அத்தர், மசாலா விற்றவர். கடையில் அப்போது டப்பாக்கள் இருந்தன, சரக்கு இல்லை. மகன் சுல்தான், தவழ்கிற பிள்ளை, நல்ல கொழுகொழு. சின்னப்பொண்ணு அழுவதைச் சுவர் வழியாகக் கேட்டுவிட்டு அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு மைமூன் வந்தாள். நான் வாசலுக்கு ஒதுங்கினேன்.

"கிண்ணத்தக் காட்டு புள்ள."

சின்னப்பொண்ணு காட்டினாள்.

"இதென்ன, பூனைக்கா?"

அவ்வளவுதான், இவள் ஓவென்று அழுதுவிட்டாள். மைமூன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

"அழுவாத. அழுதா வர்றதும் நின்னுரும். எங்கிட்ட இக்கிது. இந்தத் தடியன் ஒரு பக்கம் குடிச்சா மறுபக்கம் தானா ஒழுவி ரவிக்கை நனையுது. நான் பீச்சித் தர்றேன், நீ ஊத்து."

சின்னப்பொண்ணு வாசலில் நின்ற என்னைப் பார்த்தாள். கையெடுத்துக் கும்பிட்டேன்.

"ஆனா ஒண்ணு. புள்ள பேரு என்ன?" என்றாள் மைமூன்.

நாங்கள் இன்னும் பெயர் வைக்கவில்லை. தங்குமா தங்காதா என்று இருக்கிற பிள்ளைக்குப் பெயர் வைக்க யாருக்கு மனசு வரும்? பெயர் வைத்துவிட்டால் போகும்போது ஒரு பெயர் சொல்லி அழவேண்டும்.

"இன்னும் வைக்கலக்கா."

"வைக்கலியா? அப்ப நான் எப்டிக் குடுக்கறது? அஞ்சு தடவ வயிறு நெறயக் குடிச்சிட்டா அப்புறம் அது எம்புள்ளதான், எங்க மார்க்கத்துல அப்டித்தான் சட்டம். சுல்தானுக்குத் தங்கச்சி. நாளைக்குப் பெரிசாயி ரெண்டும் ஒண்ணயொண்ணு கட்டிக்க முடியாது. ஒன் தங்கச்சி யாருன்னு இவன் கேட்டா, பஞ்சுப் பொட்டியில கெடந்துச்சு ஒண்ணு, பேரு தெரியாதுன்னா சொல்லுவேன்?"

சின்னப்பொண்ணு மூக்கைத் துடைத்தாள். "நாங்க பழனியாண்டவரக் கும்புடுறவங்க. ஒங்க சுல்தானுக்கு யாருக்கா பொண்ணு குடுக்கப் போறா?"

"ஏன், எம்மவனுக்கு என்ன கொறச்சல்?" என்று மைமூன் உடனே சண்டைக்கு வந்தாள். "அவன் நெறத்தப் பாரு, மூக்கப் பாரு!"

கட்டவே கூடாது என்று ஒருத்தி சொல்கிறாள், கொடுக்கவே மாட்டேன் என்கிறாள் இன்னொருத்தி, அதற்கு ஒரு சண்டை. பிள்ளை பிறந்த பிறகு அன்றைக்குத்தான் என் பெண்சாதி சிரித்தாள். சிரித்துக்கொண்டே, என்னைக் கேட்காமலேயே, "பாக்கியம்" என்றாள்.

"பாக்கியம். சரி. இன்னொண்ணும் இக்கிது. நான் பீச்சும்போதெல்லாம் நீயும் பக்கத்துல ஒக்காந்து பீச்சணும்."

"எனக்குத்தான் வரலியேக்கா."

"வராட்டியும் ஒக்காரு. கேட்டுக்கிட்டே இருந்தாத்தான் குடுக்கும். கேக்காம விட்டா, இவளுக்கு வேணாம் போலன்னு நின்னுரும்."

எனக்கு வாய் சும்மா இருக்குமா? "மாட்டுக்கும் அப்டித்தான். ஒரு வேள கறக்காம விட்டா மறுவேள கொறயும்" என்றேன் வாசலிலிருந்து.

"ஆரம்பிச்சுட்டாரு. இவருக்கு ஒலகத்துல இருக்கற பொம்பளைங்க எல்லாம் மாடுதான்க்கா."

"மாடாவது தொட்டியில வாய் வச்சுத் தண்ணி குடிக்குது. நீ குடிக்கிறியா?"

சின்னப்பொண்ணு தலையைக் குனிந்துகொண்டாள். பிறகுதான் தெரிந்தது. பெற்ற உடம்பு தண்ணீர் குடித்தால் வயிறு ஊதிவிடும் என்பது நம் பக்கத்துப் பத்தியம். இங்கே மருத்துவச்சியும் அதையே சொல்லியிருந்தாள். இவள் இத்தனை நாளும் வாயை நனைத்துத் துப்பிக்கொண்டு இருந்திருக்கிறாள். ஊரில் அந்தப் பத்தியத்தோடு நெய்யும் பூண்டுக் குழம்பும் ரசமும் உண்டு, உடம்பு தாங்கும். இங்கே குழம்பு போய்விட்டது, ரசம் போய்விட்டது, தண்ணீர் குடிக்காத பத்தியம் மட்டும் கப்பலேறி வந்து நின்றது.

"ஊதட்டும்" என்றாள் மைமூன். "ஊதறதுக்கு ஒன் வயித்துல என்ன இக்கிது?"

அன்றிலிருந்து ஒரு பானை வெந்நீர் இவள் பக்கத்திலேயே இருந்தது. ஒரு மலாய்க்கார அம்மாள் வேலியில் சாயோர் மானிஸ் என்று ஒரு கீரை வளர்த்திருந்தார். பிள்ளை பெற்றவளுக்கு நல்லது என்று அவர்களில் சொல்வார்கள். மைமூன் போய் மடி நிறையப் பறித்து வந்தாள். அதையும் பப்பாளிக் காயையும் பிலிஸ் என்கிற நெத்திலிக் கருவாட்டோடு போட்டு வேகவைப்பாள். மருத்துவச்சி ஒரு நாள் வந்து பானையைப் பார்த்துவிட்டு, "யாரக் கேட்டு இதெல்லாம்?" என்று கத்தினாள். "ஒங்களக் கேட்டதுலதான் கிண்ணம் காஞ்சு கெடந்துச்சு" என்றாள் மைமூன்.

ஒரு நாளைக்குப் பல தடவை இரண்டு பெண்களும் படுதாவுக்கு அந்தப் பக்கம் உட்காருவார்கள். இரண்டு கிண்ணம். ஒன்று சீக்கிரம் அமுங்கிவிடும். மற்றது கணீர், கணீர். முதல் வாரம் முழுக்க அப்படித்தான். எனக்கு உட்கார முடியாது. எழுந்து சந்துமுனை வரை போவேன், திரும்புவேன். அங்கே ஜப்பான் சோல்ஜர் நிற்பான், அவனைக் கடக்கும்போது குனிய வேண்டும். மறுபடி போனால் மறுபடி குனிய வேண்டும். குனிந்து குனிந்து நடந்தேன்.

மாடு கன்றைப் பறிகொடுத்தால் சுரக்காது. செத்த கன்றின் தோலை உரித்து வைக்கோல் அடைத்து முன்னால் நிறுத்துவோம். மாடு அதை நக்கிக்கொண்டே பால் விடும். எங்கள் வீட்டில் கன்று உயிரோடுதான் இருந்தது. ஆனால் சின்னப்பொண்ணு பெட்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பீச்சினாளாம். பார்த்தால் பயமாக இருக்கிறதாம். இது எனக்கு எப்படித் தெரியும்? மைமூன் ஒரு நாள் சத்தம் போட்டதில் தெரிந்தது.

"முதுகக் காட்டிக்கிட்டு ஒக்காந்தா எவ குடுப்பா? புடி இத."

"தூக்கக் கூடாதுன்னு..."

"பொட்டிய விட ஒன் மடிதான் சூடு. புடின்னா!"

பிள்ளையைப் பஞ்சோடு எடுத்து இவள் மடியில் வைத்துவிட்டு, தன் கிண்ணத்துப் பாலைப் பாலாடையில் ஊற்றி மைமூன் புகட்ட ஆரம்பித்தாள். பிள்ளை சப்புக்கொட்டியது. அந்தச் சின்னச் சத்தம் படுதாவைத் தாண்டி எனக்கும் கேட்டது. திடீரென்று, "அக்கா, நிறுத்துங்க. மொதல்ல எம்பால ஊத்துங்க" என்றாள் சின்னப்பொண்ணு. கிண்ணத்தில் சத்தம் மாறியிருந்தது. அமுங்கியிருந்தது.

மைமூன் விழுந்து விழுந்து சிரித்தாள். "பொறாமையில சொரக்குதுடி ஒனக்கு! முன்னமே தெரிஞ்சிருந்தா மொத நாளே வம்புக்கு வந்திருப்பேனே!"

5

இப்படியே போயிருந்தால் நான் இதைச் சொல்ல வேண்டியதே இல்லை. சயாம் ரயில் பாதை போட ஆள் பிடிக்கிறார்கள் என்று பேச்சு வந்தது. காதருக்குப் பயம். மலாய் நாட்டில், மூவாரில், அவருடைய சொந்தக்காரர் தோட்டம் வைத்திருந்தார். அங்கே போகிற லாரி ஒன்றில் இடம் கிடைத்துவிட்டது.

லாரி வந்த காலையில் பார்த்து பாக்கியத்துக்கு உடம்பு சுட்டது. கண் திறக்கவில்லை. ஊற்றிய பால் கடைவாயில் வழிந்தது. மைமூன் மூட்டை முடிச்சைப் போட்டுவிட்டு எங்கள் வீட்டில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஒரே ஒரு நாள் மச்சான். நாளைக்குப் போவோம்."

"நாளைக்கு லாரி ஏது மைமூன்? நானா ஓட்டப் போறேன்?" காதரும் அழுகிற குரலில்தான் பேசினார். லாரிக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான்.

அவள் அந்தச் சத்தத்திலேயே உட்கார்ந்து எங்கள் கிண்ணத்தில் பீச்சினாள். நிரம்பியதும் துணி போட்டு மூடினாள். பிள்ளையின் நெற்றியில் வாய் வைத்து ஓதினாள். சின்னப்பொண்ணு அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. "ஒரு வேள கூட விட்றாத புள்ள. நான் பக்கத்துல இக்கிறேன்னு நெனச்சுக்க" என்று சொல்லி மைமூன் விரல் விரலாகப் பிரித்து எடுத்தாள்.

லாரியில் ஏறிய பிறகு என்னைக் கூப்பிட்டாள். "அண்ணே, பொழச்சுக்கிட்டா சொல்லி அனுப்புங்க. போயிட்டாலும் சொல்லி அனுப்புங்க. தெரியாம இருக்கறதுதான் கஷ்டம்."

"அனுப்புறேன் தங்கச்சி."

சுல்தான் அவள் தோளுக்கு மேலே எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போனான்.

இரண்டு நாள் பிள்ளை அப்படியே கிடந்தது. சின்னப்பொண்ணு மடியை விட்டு இறக்கவில்லை. இறங்காத பாலைத் துடைத்துவிட்டு மறுபடி பீச்சினாள். மைமூனும் இவளும் எப்போதெல்லாம் உட்காருவார்களோ அப்போதெல்லாம் அதே இடத்தில், பக்கத்தில் ஒரு ஆள் உட்கார இடம் விட்டு உட்கார்ந்தாள். ஒரு வேளைகூட விடவில்லை. மூன்றாம் நாள் விடிந்தபோது பிள்ளை வியர்த்திருந்தது. பாலாடை வாயில் பட்டதும் நாக்கை நீட்டியது. அப்புறம் ஒரு மாதத்தில் தானாகவே உறிஞ்சக் கற்றுக்கொண்டது. எங்களுக்குக் கிண்ணம் தேவைப்படவில்லை.

சண்டை முடிந்ததும் மூவாருக்குப் போனேன். தோட்டத்தில் வேறு ஆட்கள். காதர் குடும்பம் முதல் கப்பலிலேயே ஊருக்குப் போய்விட்டது என்றார்கள். எந்த ஊர்? ஒருவர் நாகூர் என்றார். ஒருவர் கீழக்கரை என்றார். இன்னொருவர் அதிராம்பட்டினம் என்று சத்தியம் செய்தார். துறைமுகத்தில் கப்பலேறுகிற பாய்மார் யாரைப் பார்த்தாலும் சொல்லி அனுப்பினேன். "சொல்றேன் அண்ணே" என்றுதான் எல்லோரும் போனார்கள். பதில் வரவில்லை. சின்னப்பொண்ணு கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தாள், "மைமூனக்காவுக்குச் சேதி போச்சா?" என்று. நாங்கள் இங்கே கேக் வெட்டிக்கொண்டிருக்கிறோம். அங்கே ஒருத்திக்கு இன்னும் அந்தப் பிள்ளை கடைவாயில் பால் வழியக் கண் மூடிக் கிடக்கிறது. இதை நினைத்தால் எனக்கு நாற்காலியில் உட்கார முடிவதில்லை.

அதனால் இதைப் படிக்கிறவர்களும், படிக்கச் சொல்லிக் கேட்கிறவர்களும், கடற்கரைப் பக்கத்து ஊர்களில் உங்களுக்குத் தெரிந்தவர்கள் இருந்தால் விசாரியுங்கள். ஜப்பான்காரன் காலத்தில் சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால் மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில் இருந்த மைமூன். புருஷன் காதர், சாம்பிராணிக் கடை. மகன் சுல்தான். அவள் இல்லாவிட்டால் சுல்தானிடம் சொல்லுங்கள், அவனுக்கு ஒரு தங்கச்சி இருக்கிறாள், பேரன் எடுத்துவிட்டாள். ஆனால் மைமூன் இருந்தால் அதையெல்லாம் அப்புறம் சொல்லிக்கொள்ளலாம். முதலில், பாக்கியத்துக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது என்று சொல்லுங்கள்.